முப்பத்தொன்றாம் எண் படம்

அக்டோபர் 8, செவ்வாய். மதுரை

நந்திதா மேடம் தன் போனில் ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்: பயணத்தில் தவறவிடக் கூடாத கலைக்கூடங்கள். பத்து ஊர், பத்து கூடம். மிக்கேல் அண்ணன் எனக்குக் காட்டினார். எங்கே வெளிச்சம் அழகாக விழுகிறது, எங்கே காபி நன்றாக இருக்கும் என்றெல்லாம் இருந்தது. அந்தப் பத்தில் ஆறு கூடங்களுக்கு நானும் போயிருக்கிறேன். ஒரு இடத்திலும் காபியைப் பார்த்ததில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது கோயம்புத்தூர்க் கூடம். பின்வாசல் ஏழடி அகலம். எவ்வளவு பெரிய பெட்டியையும் சாய்க்காமல் உள்ளே கொண்டுபோகலாம். கொச்சியில் பழைய கிடங்கு ஒன்றைக் கூடமாக்கியிருக்கிறார்கள். எல்லோரும் அந்தச் சுவரைத் தடவிப் பார்த்துப் படம் எடுப்பார்கள். டிரில் வைத்தால் செங்கல் மாவாகக் கொட்டும். அப்பா ஒரு ஆணிக்கு நான்கு முறை ஓட்டை போட்டார். பெங்களூரில் காவலுக்கு இருந்தவர் எனக்கு நாற்காலி போட்டார். அதற்காகவே பெங்களூர் இரண்டாவது. இந்த மதுரைக் கூடம் கடைசி. படம் மாட்டுகிற நாளில் பெண்கள் கழிப்பறையைப் பூட்டிவிடுகிறார்கள், பார்வையாளர் இல்லையாம். மாட்டிய அன்று காலையிலிருந்து சாயங்காலம் வரை நான் தண்ணீர் குடிக்காமல் இருந்தேன். யாரிடம் சாவி கேட்பது? கேட்க வாய் வரவில்லை.

வாய் வராததற்காக என்மேல் எனக்குக் கோபம். பூட்டியவர்கள்மேல் அதைவிடக் கோபம்.

அக்டோபர் 10, வியாழன். மதுரை

படங்களைச் சுவரிலிருந்து இறக்கினோம். நாற்பதும் தியாகேசன் சார் வரைந்தவை. ஐந்து ஊர்களுக்குப் போகின்றன. கோயம்புத்தூரும் மதுரையும் முடிந்தன. இனி திருச்சி, புதுச்சேரி, சென்னை. ஊர் ஊராகக் கொண்டுபோவது நந்திதா மேடத்தின் கம்பெனி. அப்பா பெட்டி செய்வார், சுவரில் மாட்டுவார். நான் சுற்றிக் கட்டுவேன், எண் ஒட்டுவேன். மிக்கேல் அண்ணன் வேன் ஓட்டுவார். பத்தாவதில் கணக்கில் பெயிலான பிறகு நான் மறுபடி எழுதவில்லை. அம்மாவும் இல்லாத வீட்டில் தனியாக என்ன செய்வாய் என்று அப்பா வேனில் ஏற்றிக்கொண்டார். மூன்று வருஷமாகிறது.

எனக்குப் பிடித்தது முப்பத்தொன்று. உப்பளம். வெறும் கோரா துணியில் மை கரைத்து வரைந்தது. மற்றப் படங்களுக்குப் பின்னால் அட்டை அடித்திருக்கும். இதற்கு இல்லை, துணி அப்படியே தெரியும். எங்கும் வெள்ளை. கீழே ஒரு கோடு வரப்பு. ஆள் கிடையாது.

"எங்க ஊரு உப்பளம்தான். ஆனா ஒருத்தரயும் காணும். ஞாயித்துக்கிழம வரஞ்சிருப்பாரு" என்றார் மிக்கேல் அண்ணன். அவருக்குத் தூத்துக்குடி.

ஆள் இல்லாததால்தான் எனக்குப் பிடிக்கிறது என்று சொல்ல நினைத்தேன்.

அக்டோபர் 11, வெள்ளி. மதுரை

ஆயுத பூஜை. கூடத்தின் பின்பக்க ஷெட்டில் ஒரு பலகையைக் கழுவி, சுத்தியல், டிரில், ரசமட்டம், ரம்பம் எல்லாவற்றையும் அடுக்கினோம். சந்தனம் கரைத்தது நான். அப்பா சூடம் காட்டினார். மிக்கேல் அண்ணன் ஸ்டியரிங்கில் பொட்டு வைத்துக்கொண்டார்.

"நீரு பொட்டு வைக்கலாமாய்யா?" என்று அப்பா கேட்டார்.

"பொட்டு வேனுக்கு, பொரி எனக்கு. சேசு ஒண்ணும் கோவிச்சுக்கிட மாட்டாரு அண்ணாச்சி."

சந்தனம் மிஞ்சிப்போனது. "பெட்டிக்கெல்லாம் வச்சிரு ஏட்டி" என்றார் அப்பா. நாற்பது பெட்டிக்கும் சந்தனமும் அதன்மேல் குங்குமமும் வைத்தேன். அம்மா இருந்தபோது தையல் மிஷினுக்கு மட்டும் பொட்டு பெரிதாக வைப்பாள். சோறு போடுகிறது, பிடிக்கிறது, அதனால் பெரிது என்பாள்.

படங்களை அப்போது இன்னும் பெட்டிக்குள் வைக்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றன.

கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தேன்.

அக்டோபர் 12, சனி. மதுரை

சுற்றிக் கட்டினோம். எல்லாப் படத்தையும் நான்தான் கட்டுவேன். மிக்கேல் அண்ணன் டீ கிளாஸோடு அறைக்குள் வந்துவிட்டார். மேடம் பார்த்துவிட்டார். "மிக்கேல், எத்தனை தடவை சொல்றது? இந்த ரூமுக்குள்ள டீ, காபி எதுவும் கூடாது." அண்ணன் நாக்கைக் கடித்துக்கொண்டு வெளியே போனார். எனக்கென்று எடுத்து வைத்த பொரியைத் தரத்தான் வந்திருந்தார்.

அக்டோபர் 14, திங்கள். திருச்சி

கண்டோன்மென்ட் பக்கம் ஒரு கூடம். தரை வழுக்குகிறது. பின்வாசலில் மூன்று படி, சரிவு கிடையாது. பெட்டியைத் தூக்கித் தூக்கித் தோள் போயிற்று.

மதியம் அப்பா முப்பத்தொன்றைத் திறந்தார். நான் எதிர்ப்பக்கம் நின்றேன். அப்பா பின்பக்கம் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஈரத்துணி எடுத்துக்கொண்டு வந்தார். கொஞ்ச நேரம் படத்துக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தார்.

பிறகு திருப்பினோம். வெள்ளைக்கு நடுவில், வரப்புக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பாக ஒரு கறை. ஓரம் கொஞ்சம் சிவப்பு.

மேடம் வந்து பார்த்தார். "இது டீ" என்றார். "மிக்கேல்."

"மேடம், மதுரையில நான் டீ குடிச்சது வாசப்பக்கம். படம் கெடந்தது அந்த மூலையில. டீக்குக் காலு மொளச்சிப் போவுமா?"

"ஜோக் அடிக்காதீங்க. நான் கண்ணால பார்த்தேன், கிளாஸோட உள்ளே நின்னீங்க."

"நின்னேன். கொட்டல. அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க."

அப்பா டேப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். "நான் என்னத்தக் கண்டேன்" என்றார்.

மிக்கேல் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அறைக்குள் டீ கொண்டுவரக் கூடாது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் கொண்டுவந்தார். அது அவர் தப்புதானே.

அக்டோபர் 15, செவ்வாய். திருச்சி

மிக்கேல் அண்ணனை அனுப்பிவிட்டார்கள். சாவியை அப்பா கையில் கொடுத்தார். பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தார். "வாரேன்" என்று சொல்லவில்லை. எப்போதும் சொல்வார்.

அக்டோபர் 16, புதன்

நான் எதுவும் செய்யவில்லை.

அக்டோபர் 19, சனி. திருச்சி

முப்பத்தொன்றைக் கடைசி மூலையில் மாட்டச் சொன்னார்கள். அதன் மேல் விளக்குப் போடவில்லை.

இன்று எல்லோர்மேலும் கோபம் வருகிறது. மேடம்மேல் வருகிறது. பதினொரு வருஷம் ஓட்டியவரிடம் ஐந்து நிமிஷம்கூட விசாரிக்கவில்லை. சிரித்துக்கொண்டே பதில் சொன்ன மிக்கேல் அண்ணன்மேல் வருகிறது, அவர் கத்தியிருக்க வேண்டும். துணியில் வரைந்துவிட்டுப் பின்னால் அட்டை அடிக்காத தியாகேசன் சார்மேல் வருகிறது. இப்படியா ஒருத்தர் படத்தை அனாதையாக விடுவார்? தொட்டால் ஒட்டிக்கொள்கிற துணி. சொட்டுத் தண்ணீர் பட்டாலும் போயிற்று என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா?

அப்பாமேல் எவ்வளவு வருகிறது என்று எழுதமாட்டேன்.

புது டிரைவர் என்னைக் காட்டி, "பாப்பா ஊமையா?" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா, "ஆமா" என்று சொல்லிவிட்டு நட்டு முறுக்கப் போனார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அக்டோபர் 22, செவ்வாய். திருச்சி

கல்லூரிப் பெண்கள் கூட்டமாகப் பார்க்க வந்தார்கள். என் வயதுதான் இருக்கும். ஒருத்தி முப்பத்தொன்றின் முன்னால் நின்று, "அந்த பிரவுன் கலர்தான்டி மொத்தப் படமே. கிழவர் தூக்கம் வராம கிடந்த ராத்திரி மாதிரி இருக்கு" என்றாள். மற்றவள், "எனக்குப் பார்த்தா அப்பளம் கருகின மாதிரி இருக்கு" என்றாள். சிரித்துக்கொண்டே போனார்கள்.

கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். வெளியே போய் இரண்டு பேரையும் அறைய வேண்டும்போல இருந்தது. அவர்கள் என்ன தப்புச் செய்தார்கள்? ஒன்றும் இல்லை.

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

வீட்டில். அப்பா சட்டை எடுத்துத் தந்தார். போட்டுக்கொள்ளவில்லை. ஏன் என்று அவர் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் இப்போது இரண்டு ஊமைகள்.

நவம்பர் 2, சனி. திருநெல்வேலி

மிக்கேல் அண்ணன் அப்பாவுக்குப் போன் செய்தார். அப்பா வாசலுக்குப் போய்ப் பேசினார். ஜன்னல் வழியே எல்லாம் கேட்டது. மேடம் எல்லாக் கூடத்துக்கும் கடிதம் அனுப்பியிருக்கிறார், பத்தொன்பது கூடங்களுக்கு. மிக்கேல் அண்ணன் பெயர், லைசென்ஸ் எண், போட்டோ. இந்த ஆளை நம்பிப் படம் ஏற்றாதீர்கள் என்று. கொச்சியில் ஒருவர் வரச் சொல்லியிருந்தாராம். இப்போது வேண்டாம் என்றுவிட்டார்.

படம் ஏற்றுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஒருவன் படத்தைக் கெடுத்தவன் என்று பெயர் வாங்கிவிட்டால் அவனை ஒருவரும் தொடமாட்டார்கள். மீன் வண்டியோ சிமெண்ட் வண்டியோதான் ஓட்ட வேண்டும்.

"நான் என்ன செய்ய மிக்கேலு. எனக்கும் சோலி வேணும்லா. பிள்ளைய வச்சிருக்கேன்" என்றார் அப்பா.

பிள்ளையை வைத்திருக்கிறாராம். என் தலையில் போட்டுவிட்டார். உள்ளே வந்தவரிடம் கேட்கலாம் என்று எழுந்தேன். அவர் நேரே கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

இப்போது எழுதுகிறேன். சந்தனத்தைப் பெட்டிக்கு மட்டும் நான் வைக்கவில்லை. படத்துக்கும் வைத்தேன். நாற்பதில் ஒன்றுக்கு மட்டும், பின்பக்கம், துணியின் நடுவில், பெரிதாக. பிடித்ததால் வைத்தேன். அப்பா அதை ஈரத்துணியால் துடைத்தார். துடைக்காவிட்டால் நாணயம் அளவுக்கு நின்றிருக்கும், பொட்டு என்று பார்த்தவுடன் தெரிந்திருக்கும். அவர் என்னைக் காப்பாற்றத்தான் துடைத்தார். துடைத்ததில் அது டீ ஆகிவிட்டது.

நவம்பர் 4, திங்கள். புதுச்சேரி

கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி மஞ்சள் கட்டடம். மேடத்தின் பட்டியலில் இதுதான் முதல் இடம். ஜன்னல்கள் பெரிதாக இருக்கின்றன, காற்று வருகிறது. கழிப்பறை திறந்திருக்கிறது. சுவர் உறுதி, ஒரே ஓட்டையில் ஆணி நின்றது. வேறு சமயமாக இருந்தால் எனக்கும் இதுதான் முதல் இடமாக இருந்திருக்கும்.

படம் பார்க்கிறவர்களுக்குச் சுவர் பிடிக்கும். எனக்கு இன்று அந்தச் சுவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

நவம்பர் 8, வெள்ளி. புதுச்சேரி

இன்று நிறைய நடந்தது. வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் தியாகேசன் சார் வந்தார். மதுரைக்கும் திருச்சிக்கும் அவர் வரவில்லை, உடம்பு சரியில்லை என்றார்கள். கதர் ஜிப்பா, கையில் பிரம்பு. ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு முப்பத்தொன்றுக்கு வந்தார். அப்பா ஏணியில் நின்று விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தார். மேடம், "சார், நான் போன்ல சொன்னேனே, அந்த டிரைவர்…" என்று ஆரம்பித்தார்.

கால் தானாகப் போயிற்று.

"டீ இல்ல சார்" என்றேன். "சந்தனம். ஆயுத பூஜைக்கு நான் வச்ச பொட்டு."

"ஏட்டி" என்றார் அப்பா ஏணியிலிருந்து. அவ்வளவுதான்.

சார் என்னை உற்றுப் பார்த்தார். "எதுக்கும்மா வச்சே?"

"பிடிச்சிருந்துது."

"நாற்பதுக்குமா?"

"இதுக்கு மட்டும்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவர் மேடத்தின் பக்கம் திரும்பி, "நந்திதா, கேட்டீங்களா? நாற்பது வருஷமா வரையறேன். ஒருத்தர் என் படத்துக்குப் பொட்டு வச்சதில்லை" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேடமும், "வாவ். எவ்வளவு அழகான விஷயம்" என்றார்.

முப்பத்தொன்றை மூலையிலிருந்து எடுத்து வாசலுக்கு நேரே மாட்டச் சொன்னார்கள். இரண்டு விளக்கு. மதியத்துக்குள் புதிய சீட்டு அடித்து ஒட்டினார்கள்: 'உப்பளம், கோரா துணியில் மை, சந்தனம், குங்குமம்.'

மாலையில் திறப்பு விழா. சார் மைக்கில் பேசினார். படிக்காத ஒரு பெண், கலை என்றால் என்ன என்று தெரியாத ஒரு பெண், பக்தியால் என் படத்தை முடித்துவைத்தாள் என்றார். கை தட்டினார்கள். என்னை முன்னால் தள்ளிவிட்டார்கள். போன்கள் எல்லாம் என் முகத்துக்கு நேரே. எனக்குப் பக்தியும் இல்லை, அவர் படம் முடியாமலும் இல்லை. முடிந்திருந்த படத்தைத்தான் நான் கெடுத்தேன்.

மேடத்தின் காதருகே போய், "மிக்கேல் அண்ணன்?" என்றேன்.

"அதெல்லாம் அப்புறம் பேசலாம்மா. இப்போ ஸ்மைல் பண்ணு."

டீ என்றால் குற்றம். சந்தனம் என்றால் அழகு. கறை அதே கறைதான். கை தட்டிய ஒருவர்கூட, அப்படியானால் அந்த டிரைவர் என்ன ஆனார் என்று கேட்கவில்லை. தட்டிய கையை எல்லாம் ஒடிக்க வேண்டும்போல இருந்தது. என் கையையும் சேர்த்து.

நவம்பர் 9, சனி. புதுச்சேரி

பத்திரிகையிலிருந்து பதினொரு மணிக்கு வருகிறார்கள், படத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், நல்ல தாவணி இருந்தால் கட்டிக்கொள் என்று மேடம் ஆள் அனுப்பினார். நான் வேலைக்குப் போடுகிற சட்டையோடேயே போனேன்.

"நிக்க மாட்டேன்" என்றேன். இந்த முறை வாய் வந்தது.

"ஏம்மா?"

"பத்தொம்போது கூடத்துக்கும் மிக்கேல் அண்ணனப் பத்தி எழுதினீங்கல்லா. அதே பத்தொம்போதுக்கும் இல்லன்னு எழுதுங்க. எழுதினாத்தான் நிப்பேன்."

"எழுதலாம். நெக்ஸ்ட் வீக்…"

"இப்ப. இல்லன்னா பேப்பர்காரங்க கேக்கும்போது அந்தக் கதையையும் சேத்துத்தான் சொல்லுவேன்."

மேடம் என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். லேப்டாப்பைத் திறந்தார். நான் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன். அப்பா கொஞ்சம் தள்ளி ஒரு பெட்டியின் மூடியை ரம்பத்தால் அறுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார்.

'ஒரு சிறிய தவறான புரிதலால்' என்று அடித்தார்.

"அது வேண்டாம்" என்றேன். "அவரு டீ கொட்டலன்னு போடுங்க. சந்தனம் வச்சது இசக்கியம்மாள்னு எம் பேரப் போடுங்க."

அடித்தார். "போதுமா?"

போதும் என்று சொல்லியிருக்கலாம். அப்பா என் முதுகுக்குப் பின்னால் இருந்தார். ரம்பச் சத்தம் நின்றது கேட்டது.

"தொடச்சது யாருன்னும் போடுங்க" என்றேன்.

"துடைச்சதா? யாரு துடைச்சா?"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அந்த அளவுக்குக் கோபம் இருந்தது, அந்த அளவுக்குத்தான் தைரியமும் இருந்தது.

"பலவேசம்" என்று தன் பெயரைச் சொன்னார் அப்பா. எழுந்து வந்தார். மரத்தூளைத் தட்டாமல் வந்தார். "நாந்தான் ஈரத்துணி போட்டுத் தொடச்சேன். பிள்ள மாட்டிக்கிடும்னு தொடச்சேன். டீ இல்லன்னு தெரிஞ்சே சும்மா நின்னேன். அதையும் போடுங்க."

மேடம் விசைகளின் மேலிருந்து கையை எடுத்தார். "பலவேசம், இதைப் போட்டா சென்னைக்கு அப்புறம் உங்களுக்கு யாரு வேலை குடுப்பா?"

"அவனுக்கு யாரு குடுத்தா?" என்றார் அப்பா.

கடிதம் பத்தே முக்காலுக்குப் போயிற்று. பத்தொன்பது பெயரையும் நான் எண்ணிப் பார்த்தேன். பதினொரு மணிக்குப் படத்துக்குப் பக்கத்தில் நின்றேன். சிரிக்கவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு. புதுச்சேரி

கடிதத்தை மிக்கேல் அண்ணன் படித்துவிட்டார். கொச்சிக்காரர் அனுப்பினாராம். என் எண்ணுக்கு அழைத்தார்.

"நீயா பேசுன? மேடத்துக்கிட்டயா?"

"ஆமாண்ணே."

"மூணு வாரம் கழிச்சி."

"ஆமாண்ணே."

அவர் பக்கம் லாரி ஹாரன் அடித்தது.

"என்மேல இன்னும் கோவமாண்ணே?"

"பின்ன இல்லாம? எம் பொஞ்சாதி அண்ணன்மாரு வீட்டுக்கு வந்து வெசாரிச்சிட்டுப் போனானுவோ, நான் குடிச்சிட்டு வண்டி ஓட்டினனான்னு." மூச்சு விட்டார். "மேடம் போன் போட்டாங்க. சென்னைக்கு என்னையே ஓட்டச் சொல்லுதாங்க. ஒங்கப்பா இருக்காரா? ஸ்பீக்கர்ல போடு."

போட்டேன். அப்பா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வந்து போனுக்கு முன்னால் நின்றார். பள்ளிக்கூடத்தில் நிற்பதுபோல நின்றார்.

"அண்ணாச்சி. சென்னைக்கு நான் வாரேன். ஆனா முன்னாடி எம் பக்கத்துல நீங்க ஒக்காராதீங்க. என்னால முடியாது."

"சரிப்பா" என்றார் அப்பா.

போன் வைத்த பிறகும் அங்கேயே நின்றார். பிறகு வேனின் பின்கதவைத் திறந்து, பெட்டிகளுக்கு நடுவே இருக்கிற இடத்தை டேப்பால் அளந்தார். ஒன்றரையடி. உட்காருவதற்கு ஒரு பலகையை எடுத்து அறுக்க ஆரம்பித்தார். நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.